ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லாத ஒப்பாரி

எனக்குச் சாடை பேச வராது. சின்ன வயசுலயும் வரலை, இந்த வயசுலயும் வரலை. ஒருத்தியைத் திட்டணும்னா அவ மூஞ்சியைப் பார்த்துத்தான் திட்டுவேன். அவ வீட்டு நாயைப் பார்த்துத் திட்ட மாட்டேன், வேலியில நிக்கிற ஆட்டைப் பார்த்துத் திட்ட மாட்டேன். என் வாய் அப்படி வளர்ந்துபோச்சு. டவுன்ல கீழவாசல் பக்கம் எங்கப்பாவுக்குப் பருத்திக்கொட்டை, புண்ணாக்குக் கடை. நான் நடை பழகும்போதே அம்மா போயிட்டா. அப்பாவும் அண்ணனும்தான் என்னைய வளர்த்தாங்க, அதுவும் பாதி நேரம் கடையிலயே வச்சு. சுத்துப்பட்டிச் சம்சாரிக வண்டி பூட்டிக்கிட்டு வருவாங்க. புண்ணாக்கு இருக்கா, இருக்கு. போன தடவை எடுத்தது சிக்கு வாடை அடிச்சுச்சே, ஆமா அடிச்சுச்சு, இது புதுசு. அம்புட்டுத்தான் பேச்சு. ஒரு பேச்சுக்குள்ள இன்னொரு பேச்சை ஒளிச்சு வைக்கிறதை நான் அங்க பார்த்ததே இல்லை.

வெள்ளைக்காரன் காலத்துல, யுத்தம் ஆரம்பிக்கிறதுக்குச் சில வருஷம் முந்தி என்னைய அவனியாபுரத்துல கட்டிக்கொடுத்தாங்க. வீட்டுக்காரருக்கு டவுன் மில்லுல வேலை. மாமனாருக்குக் கம்மாய்க்குக் கீழ கொஞ்சம் வயல். மாமியார் இல்லை. மாமியார் இல்லாத வீடு, நீ கொடுத்து வச்சவன்னு கீழவாசல்ல எல்லாரும் சொன்னாங்க. அந்த வீட்டுல மாமியாருக்கும் சேர்த்து ஒரு மூத்த நாத்தனார் இருக்கான்னு ஒருத்தரும் சொல்லலை.

வீட்டுக்காரரோட அக்கா. அதே ஊருல அடுத்த தெருவுலயே வாக்கப்பட்டவ. ஆத்தா செத்தப்புறம் தம்பியை இடுப்புல தூக்கி வளர்த்தவ. நான் அவளை மதினின்னு கூப்பிடுவேன், அவ என்னையத் தாயீம்பா.

அவ என்னைய ஒருநாளும் ஒரு வார்த்தை திட்டுனதில்லை. காலையில வருவா, முத்தத்துல நிப்பா, மேயிற கோழியைப் பார்ப்பா. ஏ கோழி, முட்டையும் வைக்க மாட்ட, அடையும் கிடக்க மாட்ட, அரிசி மட்டும் அளவில்லாமத் திங்கிற, ஒன்னைய எம்புட்டு நாளைக்கு வச்சுக் காக்குறதுன்னு கேப்பா. எனக்குக் கல்யாணமாகி வருஷம் ஓடியிருந்துச்சு, வயித்துல ஒன்னும் தங்கலை. அது ஊருக்கே தெரியும். ஆரம்பத்துல நான் ஒரு மக்கு, இல்லையே மதினி, அந்தக் கோழி நேத்துக்கூட முட்டை வச்சுச்சேன்னு பதில் சொல்லியிருக்கேன். பக்கத்து வீட்டுக்காரிதான் தண்ணி எடுக்கப் போற வழியில என்னைய நிறுத்தி, அடி கூறுகெட்டவளே, கோழியை யாருடி சொன்னான்னு கேட்டா. அன்னைக்குத்தான் எனக்கு விளங்குச்சு. விளங்குன அன்னைக்கு நான் சோறு திங்கலை.

வீட்டுக்காரர்கிட்டச் சொன்னேன். அவரு சிரிச்சாரு. அக்கா கோழியைத்தானே சொன்னுச்சு, அதை நீ ஏன் இழுத்துப் போட்டுக்கிறன்னாரு. அதுல இருக்கிற சூது அப்பத்தான் எனக்குத் தெரிஞ்சுச்சு. அடி விழுந்ததைச் சொல்லலாம், அடிச்ச கையைக் காட்ட முடியாது. காட்டப் போனா, நீயாத்தானே ஒன்னையக் கோழிங்கிறன்னு சிரிப்பாங்க. அதோட மதினி சொன்னது என்னன்னு அவருக்கும் விளங்கியிருந்துச்சு. விளங்காத ஆளு அந்த ஊருல யாரும் கிடையாது, என்னையத் தவிர.

மதினிக்கு ஒரு மக. சமைஞ்சு வீட்டுல இருந்தா. பாவம், அந்தப் பிள்ளை மேல எனக்கு ஒரு கோபமும் இல்லை. ஆனா அக்கா மக தம்பிக்கு உரிமைப் பொண்ணு, எங்க பக்கம் அப்படித்தான். மதினி மனசுல இருந்தது இதுதான்: என்னையக் கீழவாசலுக்கு அனுப்பிடணும், இல்லாட்டி ஒரு மூலையில ஒதுக்கிப் போடணும், தன் மக இந்த வீட்டுல விளக்கேத்தணும். அந்தக் காலத்துல ஆம்பளை ரெண்டாவது கட்டுறதுக்கு ஒரு தடையும் கிடையாது. பிள்ளை இல்லைங்கிற ஒரு பேச்சே போதும். அதுக்கு மேல இன்னொரு பேச்சும் சேர்ந்துக்கிட்டா எவனும் குறுக்க நிக்க மாட்டான். எங்க மாமனார் செத்ததுல அவளுக்கு அந்தப் பேச்சும் கிடைச்சுச்சு.

பொங்கலுக்கு மாடு விட்டு முடிஞ்ச சமயம். மாமாவுக்குக் கால் வீங்குச்சு, அப்புறம் வயிறு வீங்குச்சு, உக்காந்தா மூச்சு வாங்குச்சு. வீட்டுக்காரரு வண்டியில படுக்க வச்சு டவுன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனாரு. டாக்டர் பார்த்துட்டு, உடம்பு பூரா நீர் கோத்திருக்கு, உப்பு ஆகாது, தண்ணியை அளந்துதான் கொடுக்கணும், காலையில ஒரு சின்னத் தம்ளர் சாயங்காலம் ஒரு சின்னத் தம்ளர், அதுக்கு மேல கொடுத்தா நீங்களே அவரைத் தண்ணியில முக்குறதுக்குச் சமம்னு சொல்லிட்டாராம். வீட்டுக்காரரு வந்து அதை என்கிட்ட ஒப்பிச்சாரு. ரெண்டு தடவை ஒப்பிச்சாரு. அவரு எம்புட்டுக் கெஞ்சுனாலும் கொடுத்துறாத, எரக்கப்பட்டு எதுவும் பண்ணிறாதன்னு கண்டிச்சும் சொன்னாரு. சொல்லிட்டு மறுநாள் மில்லுக்குப் போயிட்டாரு. அந்த மனுசனோட தாகத்துக்கு முன்னால நான்தான் உக்காந்திருந்தேன்.

வெயில் காலம்கூட இல்லை. கம்மாயில தண்ணி கிடக்குது, கிணத்துல கிடக்குது, வீட்டுல குடம் குடமா இருக்கு. அளந்த தம்ளர் தண்ணி தீர்ந்ததும், ஆத்தா இன்னும் ஒரு வாய்த் தண்ணி கொடும்பாரு. நான் துணியை நனைச்சு உதட்டுல ஒத்துவேன். அந்தத் துணியைக் கவ்விக்கிட்டுச் சப்புவாரு, விட மாட்டாரு, நான் பிடுங்கணும். தண்ணி தண்ணின்னு அவரு கத்துறது தெருவுக்கே கேக்கும். நான் அடுப்படிக்குள்ள போய் முந்தானையை வாயில திணிச்சுக்கிட்டு அழுவேன். எனக்கு அவரைப் பிடிக்கும். அந்த வீட்டுல என்கிட்ட நேராப் பேசுன ஒரே ஆளு அவருதான். குழம்பு நல்லாயில்லைன்னா நல்லாயில்லைம்பாரு, நல்லாயிருந்தா இன்னொரு கரண்டி கேப்பாரு.

மதினி அப்பப்ப வருவா. பக்கத்துல உக்காந்து விசிறிவிடுவா, கண்ணைத் துடைச்சுக்குவா, போயிருவா. தண்ணியைப் பத்தி அவ என்கிட்ட ஒன்னும் பேசலை. ஒருநாள் மத்தியானம் அவரு போயிட்டாரு.

மதினி அன்னைக்கே ஆரம்பிச்சுட்டா. துக்க வீட்டுல பொம்பளைக வட்டமா உக்காந்து தோளோட தோள் கட்டிக்கிட்டு அழுவாங்க, ஒருத்தி பாட மத்தவங்க மாரடிச்சுக்கிட்டு இழுப்பாங்க. கருமாதி வரைக்கும் ஊர் ஊரா உறவுக்காரிக வர வர அந்த வட்டம் கூடிக்கிட்டே இருக்கும். மதினிக்கு நல்ல குரல். அவ ஒப்பாரி வச்சா ஆம்பளைகளே பந்தல்ல தலையைக் குனிஞ்சுக்குவாங்க. அவ பாடுனது எனக்கு அப்படியே ஞாபகத்துல இருக்கு.

கம்மா நெறஞ்சிருக்கு, என்னப் பெத்த அப்பா,
கெணறு நெறஞ்சிருக்கு, என்னப் பெத்த அப்பா,
ஒரு வாய்த் தண்ணி கேட்டீகளே,
ஊரெல்லாம் கேட்டிருக்க,
ஈரத் துணி சப்பிக்கிட்டே
எம பட்டணம் போனீகளே.

நீங்களே பாருங்க. கம்மாய் நிறைஞ்சுதான் இருந்துச்சு. அவரு தண்ணி கேட்டாரு. ஊரெல்லாம் கேட்டுச்சு. ஈரத்துணியைச் சப்புனாரு. இதுல எதை நான் இல்லைம்பேன்? என் பேரு இல்லை, மருமகள்ங்கிற வார்த்தை இல்லை, கொன்னாங்கிற வார்த்தை இல்லை. ஆனா அவ அந்தக் கடைசி அடியைப் பாடி முடிச்சதும் வட்டத்துல இருந்த அத்தனை பொம்பளைகளும் மூக்கைச் சிந்திக்கிட்டே என்னையத் திரும்பிப் பார்த்தாளுக. சாகப் போற மனுசனுக்குத் தண்ணி கொடுக்காதவ. அதுக்கு மேல ஒரு பாவம் எங்க பக்கம் கிடையாது.

பக்கத்து வீட்டுக்காரி என் காதுல சொன்னா, பதில் பாடுடி, மாமா மாமான்னு அழுதுக்கிட்டே டாக்டர் பேச்சை உள்ள நுழைச்சுவிடு, பாடாம இருந்தா ஒத்துக்கிட்டேன்னு ஆயிரும்னு. எனக்குப் பாட வராது. எனக்குச் சொல்லித்தர வீட்டுல யாரு இருந்தா? பருத்திக்கொட்டை மூட்டைக்குப் பக்கத்துல உக்காந்து எவ ஒப்பாரி படிப்பா? வாயைத் திறந்தேன், சத்தம்தான் வந்துச்சு, பாட்டு வரலை. மதினி என் தோளைக் கட்டிக்கிட்டு இன்னும் சத்தமா அழுதா. பார்க்கிறவங்களுக்கு அவ என்னையத் தேத்துற மாதிரி இருந்திருக்கும்.

அப்புறம் வந்தவங்க போனவங்க எல்லார்கிட்டயும் நான் நேராவே சொன்னேன். டாக்டர் அளவுக்கு மேல கொடுக்கக் கூடாதுன்னுட்டாரு, அதனாலதான் கொடுக்கலைன்னு. கேட்டுக்கிட்டாளுக. டாக்டரு சொன்னாராக்கும், இருக்கும்மா, படிச்சவுக சொன்னா அதுல ஏதாச்சும் இருக்கும், பெத்த தகப்பனா இருந்தா நமக்கு மனசு கேக்காது, அது வேறன்னு ஒருத்தி சொன்னா. என்னைய நம்புறேன்னுதான் சொன்னா அவ. ஒரு சொல்லாலயும் என்னைய மறுக்கலை. அவ போனப்புறம் நான் அடுப்படியில உக்காந்து அவ சொன்னதைத் திரும்பத் திரும்ப நினைச்சுப் பார்த்தேன், அவ மண்டையில உலக்கையைப் போடலாம்னு இருந்துச்சு.

எனக்குப் பொறுமை பத்தாது. திருப்பரங்குன்றத்துப் பக்கமிருந்து ஒரு கூட்டம் கேதம் கேக்க வந்திருந்துச்சு. மதினி மறுபடியும் அதே ஈரத்துணியை எடுத்தா. நான் வட்டத்தை உதறிட்டு எந்திரிச்சேன். மதினி, நான்தான் தண்ணி கொடுக்காமக் கொன்னேங்கிறியா, பாட்டா வேணாம், வாயைத் திறந்து சொல்லுன்னு கேட்டேன்.

அவ அழுகையை நிறுத்திட்டு என்னைய நிமிர்ந்து பார்த்தா. அம்புட்டுச் சாந்தம் அந்த மூஞ்சியில.

"நான் ஒன்னையச் சொன்னேனா தாயீ? எங்கப்பனை நெனச்சு நான் அழுகுறேன். ஒனக்கு ஏன் உறுத்துது?"

முடிஞ்சுபோச்சு. நான் எந்திரிச்சு நின்னதே போதும், வேற சாட்சியே வேணாம்னு ஆயிருச்சு. யாரும் இவளை ஒன்னும் சொல்லாதப்ப இவ எதுக்குக் குதிக்கிறான்னு அந்தத் திருப்பரங்குன்றத்துக்காரிக அன்னைக்கே முடிவு பண்ணிட்டுப் போயிட்டாளுக. சாடைப் பேச்சுக்கு நேராப் பதில் சொல்லக் கூடாதுன்னு அந்த ஊருல பால் குடிக்கிற பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

அன்னையிலிருந்து இன்னொன்னு ஆரம்பிச்சுச்சு. துக்கத்துக்கு வாரவங்களுக்கு மருமகதான் செம்புல தண்ணி கொண்டுபோய்க் கொடுக்கணும். நான் கொண்டுபோனா, வேணாம்மா, இப்பத்தான் குடிச்சேம்பாங்க. அடுத்தவளும் இப்பத்தான் குடிச்சிருப்பா. வெகுதூரம் புழுதியில வண்டியில வந்து இறங்குனவ, உதடு வெடிச்சு நிக்கிறவ, இப்பத்தான் குடிச்சேன் தாயின்னு சிரிப்பா. கொஞ்ச நேரம் கழிச்சு மதினி மக கையால வாங்கி மடக்கு மடக்குன்னு குடிப்பா. நான் செம்பும் கையுமா நிப்பேன். யாரும் என்னைய ஒரு வார்த்தை தப்பாப் பேசலை.

வீட்டுக்காரரு எல்லாத்தையும் பார்த்துக்கிட்டுத்தான் இருந்தாரு. நீங்கதானே என்கிட்டச் சொன்னீங்க, பந்தல்ல போய் ஒரு வார்த்தை சொல்லுங்கன்னு நான் தலையால அடிச்சுக்கிட்டேன். துக்க வீட்டுல எதுக்குப் பேச்சு, அக்கா ஆத்தாமைல அழுகுது, அதுக்குப் போய் நான் மறுத்துப் பேசினா நல்லாயிருக்குமான்னாரு. அப்ப நான் கேட்டேன், ஒங்க அக்கா மகளைக் கட்டிக்கப் போறீங்களான்னு. நேராத்தான் கேட்டேன். அவரு துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு, "இப்ப எதுக்கு அந்தப் பேச்சு?"ன்னாரு.

இல்லைங்கிறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும்? மூணே எழுத்து. அதைச் சொல்லலை அவரு. அதுக்குள்ள நான் அந்த ஊருல கொஞ்சம் பாடம் படிச்சிருந்தேன், சொல்லாததையும் கேக்கத் தெரிஞ்சிருந்துச்சு.

கருமாதி நெருங்குச்சு. கருமாதி அன்னைக்கு மொட்டை போட்ட மகனுக்கு அவன் பொண்டாட்டியோட பிறந்த வீட்டுக்காரங்க புதுத்துணியால தலைப்பாகை கட்டணும். உருமாக் கட்டுன்னு பேரு. தகப்பன் போனப்புறம் இவன்தான் இந்த வீட்டுக்குத் தலை, இவனுக்குப் பொண்ணு கொடுத்தவங்க நாங்கன்னு ஊரறியச் சொல்றது அது. எங்கண்ணன்தான் கட்டணும். அதுக்கு இங்கிருந்து ஆள் போய்க் கீழவாசல்ல முறையாச் சொல்லிட்டு வரணும். யாரும் போகலை. மதினி பெரியவங்ககிட்டச் சொன்னாளாம், டவுன்ல இருந்து அவுக கடையைப் பூட்டிட்டு எதுக்குச் சிரமப்பட்டு வரணும், எங்க வீட்டுக்காரரும் மச்சான் முறைதானே, அவுகளே கட்டிரட்டும்னு. எம்புட்டுக் கரிசனம். பந்தல்ல உக்காந்திருந்தவங்களுக்கெல்லாம் அது என்னன்னு விளங்கிருச்சு. அடுத்துப் பொண்ணு கொடுக்கப் போறது யாருன்னு அவ சொல்லிட்டா. அந்த உருமா அவ புருஷன் கையால ஏறுச்சுன்னா, நான் அந்த வீட்டுல சோறு பொங்குறவ, அம்புட்டுத்தான்.

கீழவாசலுக்குப் பருத்திக்கொட்டை எடுக்கப் போன ஒரு வண்டிக்காரர்கிட்ட நானே சொல்லிவிட்டேன். கூப்பிடாட்டியும் வா, உருமாத்துணியோட வா, வரலைன்னா ஒன் தங்கச்சி ஒனக்கு இல்லைன்னு அப்படியே சொல்லுங்கன்னேன். அந்த மனுசன் தலையைச் சொறிஞ்சாரு, கொஞ்சம் பதமாச் சொல்லட்டுமான்னு கேட்டாரு. ஒரு எழுத்தும் மாத்தாதீங்கன்னேன்.

அண்ணன் வந்துருச்சு. கருமாதிக் காரியமெல்லாம் கம்மாய்க்கரையில முடிஞ்சு, வீட்டுக்காரரு மொட்டைத் தலையோட பந்தல்ல மணையில உக்காந்திருந்தாரு. அண்ணன் வாசல்ல வந்து நின்னதும் ஒருத்தர் வாங்கன்னாரு, மத்தவங்க வானத்தைப் பார்த்தாங்க. தாம்பாளத்துல மதினி புருஷன் துணி ஏற்கனவே இருந்துச்சு. அண்ணன் தன் துணியையும் அதுக்குப் பக்கத்துல வச்சுது. மூஞ்சி கடுகடுன்னு இருந்துச்சு, கூப்பிடாத வீட்டுல வந்து நிக்கிறோமேன்னு. பொம்பளைக நாங்க நிலைப்படிக்குப் பக்கத்துல நின்னோம், மதினியும்தான்.

ஊர்ப் பெரியாம்பளை தாம்பாளத்தைப் பார்த்தாரு, வீட்டுக்காரரைப் பார்த்தாரு. ஏப்பா, துணி ரெண்டு இருக்கு, நீ எந்தத் துணிக்குத் தலையைக் குனியப் போறன்னு கேட்டாரு. துணியைத்தான் கேட்டாரு. வீட்டுக்காரரு தரையையே பார்த்துக்கிட்டு இருந்தாரு. அப்புறம் அவரு தலையைத் தூக்கி, நிலைப்படியில நின்ன என்னையப் பார்த்தாரு.

"நாக்கு வறண்டு போச்சு. கொஞ்சம் தண்ணி கொண்டா."

எல்லாருக்கும் ஒரே நேரத்துல விளங்கிருச்சு. என் கையால தண்ணி வாங்கிக் குடிக்கிறேங்கிறாரு. என் மேல குத்தம் இல்லைங்கிறாரு. பெரியாம்பளை மீசையைத் தடவிக்கிட்டுச் சிரிச்சாரு. அண்ணன் மூஞ்சி தெளிஞ்சுச்சு. மதினி மூஞ்சி செத்துப்போச்சு. ஓடுடி, ஓடிப் போய் மொண்டுட்டு வாடின்னு பக்கத்து வீட்டுக்காரி என் இடுப்புல இடிச்சா. அவங்களுக்கெல்லாம் அது போதும். ரொம்ப அழகாப் பண்ணிட்டான், யாரையும் நோகடிக்காமப் பண்ணிட்டான்னு அதைக் காலத்துக்கும் சொல்லியிருப்பாங்க.

எனக்குப் போதலை. உடம்பெல்லாம் பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு. இதுலயும் சாடையா? இம்புட்டு நாள் நான் வெந்ததுக்கு, ஊருக்கு முன்னால ஒரு வார்த்தை சொல்ல வக்கில்லாம, தண்ணி கேக்குறாரா? நாளைக்கே அக்கா பிடிச்சு உலுக்குனா, நான் என்ன சொன்னேன், தாகமா இருந்துச்சு, தண்ணி கேட்டேம்பாரு. அப்படிச் சொல்ற வாய் அது, எனக்குத் தெரியாதா?

"தர மாட்டேன்"னு சொன்னேன்.

பந்தலே என்னையப் பார்த்துச்சு. நான் நிலைப்படியை விட்டு இறங்கி முன்னால வந்தேன்.

"ஒங்கப்பாவுக்குத் தண்ணி கொடுக்காதன்னு என்கிட்டச் சொன்னது யாரு? இத்தனை பேரு முன்னால அதைச் சொல்லுங்க. சொல்லிட்டுக் கேளுங்க. அது வரைக்கும் இந்தக் கையால ஒரு சொட்டுத் தர மாட்டேன்."

கட்டுனவ சபையில புருஷனுக்குத் தண்ணி இல்லைன்னு சொல்றதை அந்த ஊரு அதுக்கு முன்னால பார்த்திருக்காது. அண்ணனே பதறி எந்திரிச்சிருச்சு, வாயை மூடுன்னுச்சு. யாரோ ஒரு கிழவன் காறித் துப்புனான். நான் நகரலை. வீட்டுக்காரரு மொட்டைத் தலை கழுத்து வரைக்கும் சிவந்துபோச்சு. வாய்க்குள்ளயே என்னமோ முனகுனாரு. பெரியாம்பளை, கேக்கலைப்பா, சத்தமாச் சொல்லுன்னாரு.

"நான்தான் கொடுக்காதன்னேன். டாக்டர் சொன்னாரு, நான் அவகிட்டச் சொன்னேன்." அதோட நிறுத்துவாருன்னு நினைச்சேன். நிறுத்தலை. மூடி வச்சிருந்த வாய் திறந்துக்கிச்சு போல. "அவ சின்னவ, எரக்கப்பட்டுக் கொடுத்துருவா, கண்டிச்சுச் சொல்லி வையின்னு என்கிட்டச் சொன்னது அக்கா."

இது எனக்கே தெரியாது. அது வரைக்கும் அவளுக்கு டாக்டர் பேச்சு விளங்கலை போலன்னு எங்கயோ ஒரு மூலையில நினைச்சிருந்தேன். தகப்பன் பொழைக்கணும்னு அவளே சொல்லச் சொல்லியிருக்கா. அது நிசமான ஆசையாத்தான் இருக்கும், அதுல நான் சந்தேகப்படலை. அவரு செத்த மறு நிமிஷம் அதையே எடுத்து என் கழுத்துக்குக் கத்தியாக்கிட்டா. நான் திரும்பி அவளைப் பார்த்தேன். எல்லாரும் பார்த்தாங்க. அவ கொஞ்சமும் அசரலை, அதைச் சொல்லணும்.

"நான் என்னத்தப் பொய் சொன்னேன்? எங்கப்பன் தண்ணி கேட்டாரு, கிடைக்கலை. ஈரத்துணியைச் சப்புனாரு. இதுல எது பொய்?"ன்னு சபையைப் பார்த்துக் கேட்டா.

ஒன்னும் பொய் இல்லை மதினி, ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லைன்னு நான்தான் சொன்னேன்.

மதினி புருஷன் எந்திரிச்சு வந்து, தாம்பாளத்துல இருந்த தன் துணியை எடுத்து மடிச்சு அக்குள்ள வச்சுக்கிட்டு, யார்கிட்டயும் சொல்லிக்காமப் போயிட்டாரு. நல்ல மனுசன் அவரு. பெரியாம்பளை எங்கண்ணனைப் பார்த்து, மாப்ள துணியை எடுங்கன்னாரு. அண்ணன் கட்டி முடிக்கிற வரைக்கும் நான் பார்த்தேன். அதுக்கப்புறம் உள்ள போய்ச் செம்பு நிறையத் தண்ணி மொண்டு கொண்டுவந்து அவருக்கு முன்னால நீட்டுனேன். வேணாம், தாகம் போயிருச்சுன்னாரு. எனக்கு விளங்குச்சு. விளங்கட்டும்னுதான் சொன்னாரு.

அந்தக் கோபம் அவருக்கு ரொம்ப நாள் இருந்துச்சு. சபையில என் மானத்தை வாங்கிட்டன்னு ஒருநாள் நேராவே கேட்டாரு, ஆமா வாங்கினேன்னேன். அதுதான் அவரு என்கிட்ட நேராப் பேசுன முதல் பேச்சு, அன்னையிலிருந்து கொஞ்சம் கொஞ்சமா எங்களுக்குள்ள ஒத்துப்போச்சு. மதினி மகளை அலங்காநல்லூர்ப் பக்கம் கட்டிக்கொடுத்தாங்க. மதினி எங்க வாசப்படி மிதிக்கலை, நானும் கூப்பிடலை.

யுத்தம் முடிஞ்ச சமயம் அவ செத்துப்போனா. நான் போனேன். போகாம இருக்க முடியாது, தம்பி பொண்டாட்டி. பொம்பளைக வட்டத்துல எனக்கு இடம் விட்டு உக்காந்தாளுக. ஒருத்தி என் தோளைக் கட்டுனா. பாட்டு ஆரம்பிச்சுச்சு, இவ என்ன சொல்லி அழப் போறான்னு எல்லாருக்கும் என் வாய் மேலதான் கண்ணு. நான் அழுகலை. பிணத்தைத் தூக்குற வரைக்கும் கண்ணுல ஒரு பொட்டு ஈரம் இல்லாம நிமிர்ந்து உக்காந்திருந்தேன். அவளுக ஒருத்தியை ஒருத்தி பார்த்துக்கிட்டாளுக. என்ன விளங்கிக்கிட்டாளுகளோ அது சரிதான்.